மறு: ஒளிபரப்பில் 'ஃபிரான்சைஸ்': உரிமமா, குத்தகையா?

குழுவினருக்கு வணக்கம்.

விளம்பர வருவாயில் நடக்கும் பிரிட்டனின் தொலைக்காட்சி வலையமைப்பான ஐடிவியின் வரலாறு பற்றிய கட்டுரைக்கு 'ஃபிரான்சைஸ்' (ஒரு பரப்பில் ஒளிபரப்ப ஒரு நிறுவனத்துக்குக் கெடு வைத்துக் கொடுக்கும் உரிமை) என்பதற்கு ஒரு தமிழ்ச்சொல் கேட்டுத் தொடங்கிய இழை இது. உரிமம், முகவாண்மை, ஒப்பந்த உரிமை, குத்தகை என்று நான்கு பரிந்துரைகள் வந்திருக்கின்றன. நான் குத்தகையின் பக்கம். அகராதியை மட்டும் புரட்டி இதை முடிக்க முடியாது என்பதால் மடல் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முகவாண்மையை முதலில் தள்ளிவிடலாம். துரித உணவுக் கடைக்கு அது சரி. பெயர்ப்பலகை முதல் சமையல் முறை வரை எல்லாம் தலைமை நிறுவனத்துடையது. ஐடிவி நேர் எதிராக இருந்தது. 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த ஐடிஏ ஆணையம் ஒளிபரப்புக் கோபுரங்களைக் கட்டி, சொந்தமாக வைத்துக்கொண்டு, நடத்தியும் வந்தது. நிகழ்ச்சி தயாரிப்பது அதன் வேலையில்லை. மான்செஸ்டரில் கிரானடா, நார்விச்சில் ஆங்லியா, பிளைமவுத்தில் வெஸ்ட்வார்ட், கார்லைலில் பார்டர் என ஊருக்கு ஊர் வெவ்வேறு நிறுவனங்கள் தம் பெயரிலேயே ஒளிபரப்பின, விளம்பரம் விற்றன, ஆணையத்துக்கு வாடகை கட்டின. இதில் யாரும் யாருக்கும் முகவர் இல்லை.

> உரிமம் என்பதே போதுமே. ராய் தாம்சனே 'பணம் அச்சடிக்கும் உரிமம்' என்றுதானே சொன்னார்?

சொன்னார்தான். 1957 ஆகஸ்டு 31 அன்று கிளாஸ்கோவில் ஸ்காட்டிஷ் டெலிவிஷனைத் தொடங்கிய கனடாக்காரர் அவர். பேச்சுவாக்கில் சொன்னது இன்றுவரை மேற்கோளாகச் சுற்றுகிறது. ஆனால் அவர் கையில் இருந்தது உரிமம் இல்லை, ஒப்பந்தம். அந்த நிறுவனங்களுக்கு அப்போதிருந்த முறையான பெயரே 'நிகழ்ச்சி ஒப்பந்ததாரர்' என்பதுதான். 1990-ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகுதான், 1993 முதல், அது உரிமம் ஆனது. ஊர்ப் பேச்சிலும் பத்திரிகையிலும் இரண்டுக்கும் ஃபிரான்சைஸ் என்றே பெயர். நமக்கும் இரண்டு காலத்தையும் தாங்குகிற சொல் வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. ஓட்டுநர் உரிமம் தகுதியுள்ள எல்லோருக்கும் கிடைக்கும். இங்கே ஒரு பரப்புக்கு ஒருவர்தான். ஏரி மீன்பாசிக் குத்தகை, கோயில் நிலக் குத்தகை, சாலையோரப் புளியமரக் குத்தகை எல்லாவற்றிலும் இதே ஏற்பாடுதான். சொத்து கைமாறாது. கெடு உண்டு, நிபந்தனை உண்டு. கெடு முடிந்தால் நன்றாக நடத்தியவரிடமிருந்தும் பிடுங்கி இன்னொருவருக்குக் கொடுக்கலாம்.

அப்படிப் பிடுங்கவும் செய்தார்கள். 1967-இல் ஆணையத் தலைவராக இருந்த ஹில் பிரபு, தெற்கு வேல்ஸையும் மேற்கு இங்கிலாந்தையும் நடத்திவந்த டிடபிள்யூடபிள்யூவை நீக்கி ஹார்லெக் என்ற நிறுவனத்திடம் கொடுத்தார். லண்டனின் ரீடிஃப்யூஷனும் ஏபிசியும் சேர்ந்து தேம்ஸ் ஆக வேண்டியதாயிற்று. வட இங்கிலாந்தின் பென்னைன் மலைத்தொடரின் இருபுறமும் வார நாட்களில் ஒளிபரப்பிவந்த கிரானடாவின் பரப்பை இரண்டாக வெட்டி, லீட்ஸில் யார்க்‌ஷயர் டெலிவிஷன் என்ற புது நிறுவனம் பிறந்தது.

குத்தகைக்கு நிபந்தனை உண்டு என்றேனே, செய்தி விஷயம் இங்கேதான் உள்ளே வருகிறது. தேசியச் செய்தியை 1955 முதல் ஐடிஎன் என்ற செய்தி நிறுவனம் எல்லோருக்கும் சேர்த்துக் கொடுத்தது. வட்டாரச் செய்தி அந்தந்த நிறுவனத்தின் பொறுப்பு. விளம்பரக் கணக்கை மட்டும் பார்க்கிற முதலாளி ஊர்ச் செய்திக்குத் தனி அலுவலகம் போடமாட்டார். போட்டால்தான் ஒப்பந்தம் என்று ஆணையம் சொன்னதால் போட்டார்கள். 1980 டிசம்பர் 28 முடிவுகளைப் பாருங்கள். தென் இங்கிலாந்தில் சதர்ன் நீக்கப்பட்டு டிவிஎஸ் வந்தது. கூடவே அந்தப் பரப்புக்கு 'தெற்கும் தென்கிழக்கும்' என்று பெயரே மாறியது. சவுத்தாம்ப்டனிலிருந்து வரும் செய்தி மட்டும் போதாது, தென்கிழக்குக்குத் தனிச் செய்தி வேண்டும் என்பது நிபந்தனை. மெய்ட்ஸ்டோனில் செய்தி அறை வந்தது அதனால்தான். மத்திய இங்கிலாந்திலும் இதே கதை. ஏடிவி தன்னைக் கலைத்துச் சென்ட்ரல் ஆகி, கிழக்குப் பகுதிக்கு நாட்டிங்காமிலிருந்து தனிச் செய்தி தர ஒப்புக்கொண்டது. தொழிற்சங்கத் தகராறில் அது 1983 வரை தள்ளிப்போனது வேறு விஷயம். (டிவிஎஸ்காரர்கள் பொறுப்பேற்கும் முன் சதர்ன் நிலையத்தின் கார் நிறுத்துமிடத்திலேயே தற்காலிகக் கொட்டகை போட்டு வேலை பார்த்தார்கள். பழைய குத்தகைதாரர் உள்ளே, புதியவர் வாசலில்!)

> குத்தகை என்றால் பண்ணையார் வாடை அடிக்கிறது.

அடிக்கட்டும் ஐயா. 1991-இல் நடந்தது அப்பட்டமான ஏலக்குத்தகை. ஆண்டுக்கு எவ்வளவு தருவாய் என்று மூடிய உறையில் எழுதிக் கொடுக்க வேண்டும். லண்டன் வார நாட்களுக்குத் தேம்ஸ் எழுதியது சுமார் 3.3 கோடி பவுண்டு; கார்ல்டன் 4.3 கோடி எழுதித் தட்டிக்கொண்டு போனது. தெற்கில் டிவிஎஸ் கிட்டத்தட்ட 6 கோடி எழுதியும், இவ்வளவு கொடுத்துவிட்டு எதை வைத்து நிலையத்தை நடத்துவாய் என்று நிராகரிக்கப்பட்டது; அந்தப் பரப்பு 3.65 கோடி எழுதிய மெரிடியனுக்குப் போனது. போட்டிக்கு ஆளே வராத சென்ட்ரலும் ஸ்காட்டிஷும் ஆளுக்கு 2,000 பவுண்டு எழுதி வென்றன! வட்டார நிகழ்ச்சி, செய்தி உள்ளிட்ட தரத் தேர்வில் தேறியவர்களின் உறையைத்தான் எடைபோட வேண்டும் என்பது விதி. ஏலம் என்றாலும் ஊர்ச் செய்தி நிபந்தனையாகவே நீடித்தது.

நம் உழவர் வழக்கு இங்கே இன்னும் நுணுக்கமாக உதவுகிறது. விளைந்தாலும் காய்ந்தாலும் மாறாத தொகை குத்தகை. விளைச்சலில் பங்கு வாரம். உறையில் எழுதிய ஆண்டுத் தொகை முன்னது. அதற்கு மேல் விளம்பர வருவாயில் ஒரு விழுக்காடும் கட்டவேண்டியிருந்தது, அது பின்னது. 1964-இல் விளம்பர வருவாய் மீது விதித்து, 1974-இல் லாபத்தின் மீது மாற்றிய தீர்வையும் வாரத்தின் சாயல்தான். கட்டுரையில் இந்த வேறுபாட்டைக் காட்ட 'ஆண்டுக் குத்தகைத் தொகை', 'வருவாய் வாரம்' என்று எழுதலாம். உரிமம் என்று வைத்தால் இரண்டும் 'உரிமக் கட்டணம்' ஆகிவிடும்.

2009-இல் நடந்ததும் இந்தச் சொல்லால் எளிதில் விளங்கும். 1990-களில் நிறுவனங்கள் ஒன்றையொன்று விழுங்கி, 2004-இல் கிரானடாவும் கார்ல்டனும் இணைந்து ஐடிவி என்ற ஒரே நிறுவனமாயின. இலக்கமுறை வந்து சேனல்கள் பெருகவே, அரிதாக இருந்த அலைவரிசையின் மதிப்பு சரிந்தது. நிலம் மலிந்தபின் பழைய நிபந்தனையோடு எதற்கு உழுவது என்று குத்தகைதாரர் கேட்டார். ஒளிபரப்பை ஒழுங்குபடுத்தும் புதிய ஆணையமான ஆஃப்காம் இறங்கிவந்தது. 17 வட்டாரச் செய்திகள் 9 ஆயின. கார்லைலின் செய்தி நியூகாசிலை ஒட்டிய கேட்ஸ்ஹெட்டோடு சேர்க்கப்பட்டது. ஸ்காட்லாந்து எல்லையோரத்து மக்களுக்கு நியூகாசில் செய்தி என்ன ஒட்டும்? எதிர்ப்பு ஓயவில்லை, 2013-இல் பார்டருக்குத் தனிச் செய்தி திரும்பி வந்தது. இடையில் பொதுப்பணத்தில் செய்திக் கூட்டமைப்புகள் என்ற திட்டம் தயாராகி, 2010-இல் ஆட்சி மாறியதும் கைவிடப்பட்டது.

அடுத்து, 'ரீஜன்' என்பதற்கு நான் எழுதும் 'வட்டாரம்'. இலங்கை நண்பர் 'பிராந்தியம்' போதும் என்கிறார். அங்கே அது புழக்கத்தில் உள்ள சொல்தான், மறுப்பில்லை. ஆனால் ஐடிவியின் பரப்பை வரைந்தது பெரும்பாலும் கோபுரத்தின் வீச்சு. மாவட்ட எல்லையோ மக்களின் பழக்கமோ அதற்கு அடுத்துத்தான். லிங்கன்‌ஷயரின் பெல்மான்ட் கோபுரத்தை 1974-இல் ஆங்லியாவிடமிருந்து யார்க்‌ஷயருக்கு மாற்றினார்கள். அந்த மக்கள் குடிபெயராமலேயே அவர்களின் ஊர்ச் செய்தி நார்விச்சிலிருந்து லீட்ஸுக்குப் போய்விட்டது. கோபுரத்தைச் சுற்றிய வட்டத்துக்கு வட்டாரம் பொருந்துகிறது.

ஆனால் முழுச்சொல்லையும் 'வட்டாரக் குத்தகை' என்று வைக்க முடியாது. லண்டனில் ஒரே வட்டாரத்தை வார நாள், வார இறுதி என்று இருவருக்குப் பிரித்தார்கள். காலை நேரம் நாடு முழுக்க ஒருவருக்கே. ஆகவே பொதுச்சொல் 'ஒளிபரப்புக் குத்தகை'. அதன் கீழ் வட்டாரக் குத்தகை, வாரயிறுதிக் குத்தகை, காலைநேரக் குத்தகை. 1993-க்குப் பிந்தைய சட்டப் பத்திரத்தைக் குறிக்கும் இடங்களில் மட்டும் 'உரிமம்' என்றே எழுதலாம்.

இனி ஒன்றுதான் பாக்கி. எல்லோருக்கும் பொதுவாக ஓடும் ஒளிபரப்பிலிருந்து அந்தந்த வட்டாரம் தன் செய்திக்காக விலகி, முடிந்ததும் மீண்டும் இணைகிறதே, அதற்கு என்ன சொல்லலாம்? 'விலகொளி' என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு 'கிளையொளிபரப்பு' தோன்றுகிறது. வானொலி நிலையத்தில் வேலை பார்த்தவர்கள் குழுவில் இருக்கிறீர்கள். கட்டுப்பாட்டு அறையில் இதை எப்படிச் சொல்வீர்கள்?