நிக்லோசமைடு போட்டால் எம்டிடி பாதியாகிறது, ஹியூவெக் செல் சாகிறதா?

காட்பாடி_பயோடெக்:
எம்.எஸ்சி. ப்ராஜெக்ட். நாடாப்புழு மருந்து நிக்லோசமைடு ரத்தக்குழாய் உட்சுவர்ச் செல்களில் (ஹியூவெக், தொப்புள்கொடி சிரையிலிருந்து எடுப்பது) அழற்சியைக் குறைக்கிறதா என்று பார்க்கிறோம். அழற்சியைத் தூண்ட டிஎன்எஃப் ஆல்ஃபா 10 நானோகிராம்/மி.லி., 6 மணி நேரம். விகேம்-1 (வெள்ளணுக்களை ஒட்டவைக்கும் புரதம்) குறையுது. ஆனா 2 மைக்ரோமோலாரில் எம்டிடி (செல் உயிரோடு இருக்கான்னு பார்க்கும் நிறச் சோதனை) பாதியாகிடுது. மீடியத்தில் ஊசி ஊசியா படிகம் வேற. டிஎன்எஃப் போடாத கிணற்றிலும் (தட்டின் குழி) டிஎச்பி-1 என்ற வெள்ளணு வகைச் செல் ஒட்டுது. மாத்திரையையே பொடித்துக் கரைக்கலாமா?

ஆம்பூர்_செல்லாய்வு:
மாத்திரை வேண்டாம்மா. அதில் மாவும் பைண்டரும் இருக்கு, எடை கணக்கு நிற்காது. தூய பொடி 3.27 மி.கி.யை 1 மி.லி. டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்தால் 10 மில்லிமோலார். லேபிளில் மோனோஹைட்ரேட் என்றிருந்தால் 3.45 மி.கி.

படிகம் வருவது, செறிவான ஸ்டாக்கை நேரா பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலில் விடுவதால். இந்த மருந்து தண்ணீரில் கரையவே கரையாது. டிஎம்எஸ்ஓவிலேயே 1000 மடங்கு ஸ்டாக்குகளா இறக்கிவெச்சுக்கிட்டு, வெதுவெதுப்பான சீரம் கலந்த மீடியத்தில் மி.லி.க்கு 1 மைக்ரோலிட்டர் விட்டு உடனே கலக்குங்க. எல்லாக் கிணற்றிலும் டிஎம்எஸ்ஓ 0.1% சமமா இருக்கணும். சீரம் அளவை நடுவில் மாற்றாதீங்க. மருந்தைச் சீரத்தில் உள்ள அல்புமின் புரதம் பிடித்துக்கொள்ளும், முடிவே மாறிடும்.

எம்டிடியை இங்கே நம்பவே கூடாது. நிக்லோசமைடு மைட்டோகாண்ட்ரியா அன்கப்ளர், அதாவது அங்கே ஏடிபி (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) உருவாவதைக் குலைக்கும். எம்டிடி காட்டுவது வளர்சிதை மாற்றத்தை, சாவை அல்ல. செல் சவ்வு உடைந்தால் வெளியேறும் எல்டிஹெச் என்சைம் கசிவும், செத்த செல்லை நீலமாக்கும் டிரிப்பன் புளூவும் பாருங்க.

குடியாத்தம்_லேப்:
கன்ட்ரோலில் ஒட்டினால் முதல் சந்தேகம் எண்டோடாக்சின் (பாக்டீரியா நச்சு). ஜெலட்டின், லேப் தண்ணீரில் போட்ட பிபிஎஸ் இரண்டையும் மாற்றுங்க. ஒரு கிணற்றில் அந்த நச்சை முடக்கும் பாலிமிக்சின் பி 10 மைக்ரோகிராம்/மி.லி. போட்டு ஒட்டுவது குறைந்தால் அதேதான். 5ஆம் பாசேஜுக்கு (பிரித்து மறுபடி வளர்க்கும் சுற்று) மேல் போன செல்லை இதுக்கு எடுக்காதீங்க.

இன்னொன்னு, வேலூர் அக்னி நட்சத்திரம். சாதாரண சிஓ2 இன்குபேட்டருக்கு சூடாக்கத்தான் தெரியும், குளிர வைக்கத் தெரியாது. அறை 32 டிகிரியைத் தாண்டினாலே உள்ளே 37 நிற்காது. ராத்திரி ஏசியை அணைக்கிறாங்களான்னு பாருங்க; உள்ளே தனி வெப்பமானி வைங்க.

காட்பாடி_பயோடெக்:
நன்றி சார். எல்டிஹெச் சரியா வந்துட்டா, விகேம் குறைந்தது என்எஃப் கப்பா பி (அழற்சி ஜீன்களை இயக்கும் புரதம்) தடையாலதான்னு எழுதலாமா?

ஆம்பூர்_செல்லாய்வு:
அவசரப்படாதீங்க. ஏடிபி இறங்கினால் புரத உற்பத்தியே மந்தமாகும், விகேமும் கூடவே குறையும். எஃப்சிசிபி என்ற வேறொரு அன்கப்ளரை இணையாக ஓட்டுங்க. அதுவும் விகேமை அதே அளவு குறைத்தால் நீங்க பார்த்தது அன்கப்ளிங் விளைவா இருக்கலாம். டிஎன்எஃப் போட்ட 15ஆம் நிமிடம், என்எஃப் கப்பா பியைப் பிடித்துவைக்கும் ஐகப்பாபி ஆல்ஃபாவின் சிதைவு, 30ஆம் நிமிடம் என்எஃப் கப்பா பியின் பகுதியான பி65 செல் கருவுக்குள் போவது, இரண்டும் வேணும். புதுப் புரதம் உருவாகும் முன்பே நடப்பது என்பதால் அங்கே குழப்பம் குறைவு. ரத்தப் புற்றுநோய் செல்களில் 2010லேயே இந்தத் தடையைக் காட்டியிருக்காங்க. உட்சுவர்ச் செல்லுக்கு நீங்கதான் காட்டணும்.

ராணிப்பேட்டை_வாசகர்:
அப்போ டகயாசு (பெரிய ரத்தக்குழாய்களில் வரும் அழற்சி) நோயாளிக்கு இந்த மாத்திரையைக் கொடுக்கலாமாங்க?

குடியாத்தம்_லேப்:
கூடாதுங்க. வாய்வழி கொடுத்தால் பெரும்பகுதி குடலோடு நின்றுவிடும், நாடாப்புழுவுக்கு அதுதான் தேவை. ரத்தத்தில் சேரும் கொஞ்சத்தையும் புரதம் பிடித்துக்கொள்ளும். தட்டில் வேலை செய்த அளவு ரத்தக்குழாயில் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. டாக்டர் எழுதிய ஸ்டீராய்டை இதை நம்பித் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.