மட்டக்களப்பை விட்டுப் போகாமல் மாஸ்கோ போகலாமா?

கல்லடி வாசகி:
போன கிழமை ஒரு கலியாண வீட்டில், வெளிநாட்டிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர் என்னிடம் "நீ இன்னும் எங்கேயும் போகவில்லையா?" என்று கேட்டார். கொழும்புக்கு நாலு தரம், கதிர்காமத்துக்கு ஒரு தரம் என்றேன். பாவப்பட்டுத் தலையாட்டினார். அது இன்னும் மனதில் கிடக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

ஆறு வருடமாக அம்மா பாரிசவாதத்தில் படுக்கை. காலையில் துடைத்து, உடுப்பு மாற்றி, சோறு தீத்தி முடிய மத்தியானம் ஆகிவிடும். பிறகு கட்டிலோரம் கதிரையைப் போட்டுச் சத்தமாக வாசிப்பேன், அம்மா கேட்டுக்கொண்டிருப்பா. அப்படித்தான் சாண்டில்யனின் 'கடல் புறா'வோடு பாலூர்ப் பெருந்துறையில் இறங்கினோம், கடாரம் வரை போனோம். இப்போது டால்ஸ்டாயின் 'போரும் வாழ்வும்', டி.எஸ். சொக்கலிங்கத்தின் மொழிபெயர்ப்பு. 1812இல் நெப்போலியன் வர, மாஸ்கோ சனம் ஊரைக் காலி செய்கிற இடத்தில் நிற்கிறோம். டிக்கெட் எடுத்துப் போகிறவருக்கு இன்றைய மாஸ்கோதான் கிடைக்கும். நான் போனது எரிவதற்கு முந்திய மாஸ்கோவுக்கு. இதைப் பயணம் இல்லை என்று யாராவது சொல்வீர்களா?

ஒலுவில் நானா:
நான் சொல்வேன் தங்கச்சி, குறை நினைக்க வேண்டாம். பினாங்கில் ஆறு வருடம் தொழிற்சாலை வேலை செய்தவன் நான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி, சுங்கை பட்டாணியில் இறங்கி, மெர்போக் போனேன். கடாரம் என்கிறார்களே, அந்தக் கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கு அங்கேதான் இருக்கிறது. நாவல் வாசித்துவிட்டுப் போனவன் மாளிகையும் கப்பலும் தேடினேன். மலையடிவாரத்தில் ஒரு கோயிலின் கல் அடித்தளம், தூண் நின்ற இடங்களில் வட்டக் கற்கள், பக்கத்தில் ஓடுகிற அருவியின் சத்தம். அவ்வளவுதான். கூரை இல்லை, அங்கிருந்து கடலும் தெரியவில்லை. ஈரப் பாசியில் கால் வழுக்கியது.

கையால் அந்தக் கல்லைத் தொட்டபோது வந்த அமைதியை எந்தப் புத்தகமும் எனக்குத் தந்ததில்லை. அப்புறம், பயணம் என்றால் பாஷை தெரியாத கடைக்காரன் முன்னால் விரலைக் காட்டிக்கொண்டு நிற்கிற கூச்சமும் சேர்ந்ததுதானே? கதிரையில் இருந்தால் அந்தக் கூச்சம் எப்படி வரும்?

கல்லடி வாசகி:
நானா, ஒன்று கேட்கிறேன். கிழமைக்கு ஒரே ஒரு லீவு நாள். கூட வேலை செய்தவர்கள் நித்திரை கொள்ள, உங்களை மட்டும் அந்தக் காட்டுக்குப் பஸ் ஏற்றி விட்டது எது?

ஒலுவில் நானா:
வாப்பாவின் தகரப் பெட்டிக்குள் இருந்த, அட்டை கிழிந்த புத்தகம்தான். மறைக்க மாட்டேன். ஆனால் புத்தகம் பஸ் நிலையம் வரைதான் கொண்டுபோய் விட்டது, மிச்சத்தை நடந்தது என் கால்.

மண்டூர்ப் பொடியன்:
யூடியூப்பில் ட்ரோன் வைத்து உலகம் முழுக்கக் காட்டுகிறார்களே, அதைப் பார்த்தால் போதாதா அக்கா?

கல்லடி வாசகி:
நானும் பார்க்கிறேன் தம்பி. கூரைகள் நல்ல வடிவாகத் தெரியும். அந்தக் கூரைக்குக் கீழே 200 வருடத்துக்கு முன்னால் ஒரு பெண் எந்தப் பெட்டியைத் தூக்கினாள், எதை விட்டாள் என்று அதில் தெரியாது.

காரைதீவு மாஸ்டர்:
எனக்கு இரண்டு பக்கத்திலும் பாதிச் சம்மதம். என் கவலை வேறு. 'பொன்னியின் செல்வன்' வாசித்தவர்கள் அனுராதபுரத்துக்கு யாருடைய கண்ணோடு போனோம் என்று நினைத்துப் பாருங்கள். பிக்குகள் சிம்மாசனத்தைத் தர வந்தும் வேண்டாம் என்கிற அருள்மொழிவர்மனோடு போனோம். எனக்கும் பதினாறு வயதில் நெஞ்சு நிமிர்ந்தது. பிறகு இலங்கையின் பழைய வரலாற்று நூலான சூளவம்சம் படித்தேன். அதில் வருகிற சோழப் படை தாதுகோபங்களை உடைத்துப் பொற்சிலைகளை அள்ளிப் போகிறது. 1017இல் சிங்கள அரசன் ஐந்தாம் மகிந்தனைப் பிடித்துக்கொண்டு போகிறது. அதுவும் ஒரு பக்கம் எழுதியதுதான், அப்படியே விழுங்கச் சொல்லவில்லை. ஆனால் கொள்ளை போன விகாரைக்குள் நின்ற ஒரு பிக்குவின் பயம் எனக்கு நாவலில் கிடைக்கவில்லை.

அடுத்தவர் ஊருக்குப் போய் நம்முடைய பெருமையை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பினால் அதைப் பயணம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இங்கிருந்து பொலன்னறுவை எவ்வளவு தூரம்? அங்கே சோழர் கட்டிய வானவன்மாதேவீச்சரம் என்கிற சிவன் கோயில் இன்றைக்கும் நிற்கிறது. நாவலை மடித்துவிட்டு ஒரு தரம் போய்ப் பாருங்கள், அதைச் சுற்றி இருக்கிற விகாரைகளையும் சேர்த்து.

இன்னொரு ஆசையும் இருக்கிறது. 1638இல் ஒல்லாந்தர் நம் புளியந்தீவுக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள். அன்று வாவியில் தோணி வலித்துக்கொண்டிருந்தவன் பீரங்கிச் சத்தம் கேட்டு எந்தப் பக்கம் திரும்பினான்? அதை ஒரு நாவலாக வாசிக்க வேண்டும். தளபதியின் கதை எனக்கு வேண்டாம், தோணிக்காரனின் கதைதான் வேண்டும்.

கல்லடி வாசகி:
சேர், நீங்கள் சொன்னது எனக்குச் சுட்டது. அருள்மொழியை விட்டுப் பிரிய மனமில்லாமல், அந்தப் பிக்குகளை நான் திரும்பியே பார்க்கவில்லை. உண்மை. ஆனால் அதை எனக்குக் காட்டியதும் இன்னொரு புத்தகம்தானே? ஒரு ஊருக்கு இரண்டு வழியால் போகலாம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

டால்ஸ்டாயும் 1812ஐக் கண்ணால் காணாதவர், பிறந்ததே 1828இல். இருந்தும் 1867இல், அந்த 1812 சண்டை நடந்த பொரொடினோ போர்க்களத்துக்குப் போய்ச் சுற்றிப் பார்த்தார்.

ஒலுவில் நானா:
பாருங்கள், எழுதினவரே நடந்துதான் பார்த்திருக்கிறார்.

கல்லடி வாசகி:
ஓம் நானா, அவர் நடந்தார். நடக்க முடியாத என் அம்மாவுக்கும் சேர்த்து நடந்தார் என்றுதான் நான் நினைக்கிறேன். நேற்று நடந்ததைச் சொல்கிறேன்.

ரொஸ்தோவ் குடும்பம் மாஸ்கோவை விட்டு வெளிக்கிடுகிற இடம். வண்டில்களில் கம்பளம், பீங்கான் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. முற்றத்தில் காயப்பட்ட சிப்பாய்கள். மகள் நடாஷா தாயோடு சண்டை பிடித்து, சாமானை இறக்கி, அவர்களை ஏற்ற வைக்கிறாள். நான் வாசித்துக்கொண்டே போக, அம்மா நல்ல கையால் என் மணிக்கட்டைப் பிடித்தா. பேச்சு குழறும், ஆனால் விளங்கியது.

"90ல நாம வெளிக்கிடக்குள்ள வண்டில்ல இடமில்லாம உரல விட்டிட்டு வந்தம் புள்ள. அப்பாட அம்மாவ ஏத்தினம்."

எனக்கு இந்தக் கதை தெரியாது. உரல் இருந்ததே தெரியாது. 30 வருடத்துக்கு மேலாக அம்மா அதைச் சொன்னதில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டா: "அந்த ரஸ்யாச் சனம் திரும்பி வந்து பாக்கக்குள்ள வீடு இருந்ததா?"

காரைதீவு மாஸ்டர்:
என்ன சொன்னீர்கள் பிள்ளை?

கல்லடி வாசகி:
அந்த இடம் இன்னும் வரவில்லை சேர். அடுத்த அத்தியாயத்தைத் தொடங்கினேன். வழக்கமாக நாலு மணிக்குத் தூங்கிவிடுகிற அம்மா நேற்று ஆறு மணி வரை விழித்திருந்தா.

ஒலுவில் நானா:
உம்மாவுக்கு என் சலாம் சொல்லுங்கள் தங்கச்சி. வீடு இருந்ததா என்று தெரிந்தவுடனே இங்கேயும் எழுதுங்கள்.