கிரைண்டர் போட்டால் கம்ப்யூட்டர் அணைகிறது

பெரியப்பா: காதுகுத்துப் பத்திரிகைக்கு முகவரி லிஸ்ட் அடிக்க உட்கார்ந்தால் கம்ப்யூட்டர் தானாக அணைந்து அணைந்து எழுந்திருக்கிறது. காலையிலிருந்து 4 தடவை. அச்சகத்தில் வியாழனுக்குள் கேட்கிறார்கள்

கரூர் அத்தை: என் பேரை அடிக்கும்போது அணைந்திருக்கும். போன கல்யாணத்திலும் அப்படித்தானே விட்டுப்போனது

பெரியம்மா: ஆரம்பித்துவிட்டாள்

நான்: நீல ஸ்கிரீன் ஏதாவது வருதா பெரியப்பா?

பெரியப்பா: ஒன்றும் இல்லை. டப்பென்று கருப்பு, அப்புறம் முதலிலிருந்து

முரளி சித்தப்பா: அண்ணே, நீல ஸ்கிரீன்கூட வராமல் பட்டென்று போனால் வைரஸ் அது இது என்று அலையாதீர்கள். விண்டோஸ் நடந்ததையெல்லாம் குறித்துவைக்கிற ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியைத் திறந்தால் கெர்னல் பவர் 41 என்று சிவப்பாக நிற்கும், ஆனால் அது காரணம் சொல்லாது, ஒழுங்காக ஷட்டவுன் ஆகாமல் நின்றது என்று மட்டும்தான் சொல்லும். டீட்டெயில்ஸில் பக்செக்கோடு, அதாவது நீல ஸ்கிரீனுக்கான பிழை எண், 0 என்று இருந்தால் நான் முதலில் கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் பெட்டியைத்தான் சந்தேகப்படுவேன். எத்தனை வருடமாக ஓடுகிறது?

பெரியப்பா: 2014ல் வாங்கியது

கரூர் அத்தை: தம்பி, மூச்சு விட்டுக்கொள்

பெரியம்மா: நான் கிரைண்டர் போட்டபோதுதான் இவர் கத்தினார்

முரளி சித்தப்பா: அண்ணி!! 4 தடவையுமா?

பெரியம்மா: உளுந்துக்கு ஒன்று, அரிசிக்கு ஒன்று. நடுவில் மோட்டார் போட்டேன். இன்னொன்று தெரியாது

கரூர் அத்தை: புதுமனைக்கு நான் கொடுத்த கிரைண்டர் அது. அதன்மேல் பழி போடாதீர்கள்

சின்னண்ணன்: பத்திரிகையில் தாய்மாமன் யார் பேர் முதலில்? மடி யாருடையது?

பெரியம்மா: அதை வீட்டில் பேசலாம்

பெரியப்பா: முரளி, 10 வருடமாக இதே கிரைண்டர்தானே. இப்போது மட்டும் ஏன்?

முரளி சித்தப்பா: கிரைண்டர் கிளம்புகிற நொடியில் கரண்டை இழுக்கும், அந்த லைனில் வோல்டேஜ் ஒரு குனி குனிந்து நிமிரும். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் கரண்டைச் சேர்த்து வைக்கிற பெரிய கெப்பாசிட்டர்தான் அந்த இடைவெளியைத் தாங்கவேண்டும், நல்ல நிலையில் இருந்தால் 16 மில்லிசெகண்டாவது கரண்டே இல்லாமல் தாங்கும். சூட்டிலும் தூசியிலும் உள்ளே காய்ந்து போனால் தாங்காது. கிரைண்டர் அப்படியேதான் இருக்கிறது, இதற்குத்தான் வயசாகிவிட்டது. ஆனால் திறந்து பார்க்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம்

கரூர் அத்தை: சொன்னேனே

நான்: மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கலாமா?

முரளி சித்தப்பா: ஹார்டுடிஸ்க் வயரில் மஞ்சளுக்கும் கருப்புக்கும் 11.4லிருந்து 12.6 வோல்ட்டுக்குள் காட்டவேண்டும். சரியாகக் காட்டினாலும் நம்ப மாட்டேன், அந்த ஒரு நொடிச் சரிவை மீட்டர் பிடிக்காது. வேறு எஸ்எம்பிஎஸ் மாட்டி கிரைண்டரை ஓடவிட்டால் தெரிந்துவிடும். யுபிஎஸ் என்ன ஆச்சு?

பெரியம்மா: பேட்டரி போய் 2 வருடம். அதன்மேல்தான் தண்ணிச் செம்பு வைத்திருக்கிறார்

சின்னண்ணன்: 😂

பெரியப்பா: செம்பு கீழே இருக்கிறது

முரளி சித்தப்பா: என்னிடம் ஒரு பழைய 450 வாட் எஸ்எம்பிஎஸ் இருக்கிறது, சனிக்கிழமை எடுத்து வருகிறேன்

பெரியப்பா: பத்திரிகை வியாழக்கிழமை

நான்: அதுவரைக்கும் கிரைண்டர் போடாமல் இருக்கலாமே

பெரியம்மா: நாளைக்கு சம்பந்தி வீட்டிலிருந்து 6 பேர் வருகிறார்கள். மாவுக்கு யார் வீட்டுக்குப் போவது?

நான்: அப்போ லிஸ்ட்டை போனில் அடிங்க பெரியப்பா

பெரியப்பா: எழுத்து கண்ணுக்குத் தெரியவில்லை. ம வரிசை வரைக்கும் அடித்து சேவ் பண்ணாமல் போனது

கரூர் அத்தை: க வரிசையில் கரூர் இருந்ததா?

பெரியம்மா: இருந்தது இருந்தது

முரளி சித்தப்பா: அண்ணே, அந்தப் பழைய எஸ்எம்பிஎஸ்ஸைச் சின்னவன் கல்லூரிக்கு எடுத்துக்கொண்டு போனானோ என்னவோ, பரண்மேல் காணோம். கேட்டுச் சொல்கிறேன்

பெரியப்பா: சனிக்கிழமை வருகிறாயா இல்லையா, அதைச் சொல்