பழைய காணி உறுதிகளைக் கமராவில் பதிவது எப்படி?

கோண்டாவிலான்:
அப்பப்பாவின் பெட்டகத்தில், மடிப்பு வழியே கிழிந்துபோன காணி உறுதிகள் நாற்பதளவும் ஓர் ஓலை ஏட்டுக் கட்டும் இருந்தன. கடையொன்றில் முதல் உறுதியை ஸ்கானரில் வைத்து மூடி அழுத்தியபோது அதன் ஓரம் பொடியாக உதிர்ந்துவிட்டதால், மீதியைக் கொடுக்க மனம் வரவில்லை. என்னிடம் 18 மெகாபிக்சல் டிஎஸ்எல்ஆர் கமராவும் அதனோடு வந்த 18–55 மில்லிமீட்டர் சூம் லென்ஸும் உள்ளன. பிளாஷ் போட்டால் தாளின் நடுப்பகுதி வெளிறிவிடுகிறது. போடாவிட்டால் எழுத்து மங்குகிறது. இந்தக் கமரா போதுமா?

மானிப்பாய் வாசகர்:
தாராளமாகப் போதும். ஏ4 தாளை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் பதிய 2480க்கு 3508 புள்ளிகள், அதாவது ஏறத்தாழ 8.7 மெகாபிக்சலே தேவை. லென்ஸை 18 மில்லிமீட்டரில் வைத்தால் தாளின் விளிம்புகள் வளைந்து தெரியும் என்பதால் 50 அளவில் வைத்து, எப் 8 (லென்ஸ் துவார அளவு), ஐஎஸ்ஓ 100 (ஒளியுணர்திறன்), இரண்டு விநாடி டைமர் என்று அமைத்துக்கொள்ளுங்கள். பிளாஷ் வேண்டாம்; ஒரே வகை மின்குமிழ்கள் இரண்டை இருபுறமும் 45 பாகைச் சரிவில் வைத்து, ஜன்னலைச் சாத்திவிடுங்கள். கமரா நேர் கீழ்நோக்கி நிற்கிறதா என்றறிய, தாள் வைக்கும் இடத்தில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைக் கிடத்துங்கள்: லென்ஸின் பிம்பம் படத்தின் நட்டநடுவில் விழவேண்டும்.

ஏட்டுப்பித்தன்:
உறுதிகளுக்கு மேலே சொன்னது சரி. ஏட்டுக்கு அது உதவாது. எழுத்தாணியால் கீறிய எழுத்தில் பூசிய கரி போய்விட்டால் எழுத்தும் ஓலையும் ஒரே நிறமாகிவிடும். இருபுறமும் வெளிச்சம் வைத்தால் கீறலின் நிழலும் அழிந்துபோகும். ஒரேயொரு விளக்கை ஓலையின் மட்டத்துக்குச் சற்று மேலே, பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள், எழுத்து எழுந்து நிற்கும். ஒட்டிக்கிடக்கும் ஏடுகளை நகத்தால் பிரிக்க முயலவேண்டாம். இடது ஓரத்தில் தமிழ் எண் இருந்தால், கோப்பின் பெயரிலும் அதையே இடுங்கள்.

கோண்டாவிலான்:
கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பிம்பம் இரண்டு விரற்கடை விலகி நின்றது. இதுவரை எடுத்த படங்களெல்லாம் ஒரு பக்கம் சரிந்திருந்ததன் காரணம் இப்போதுதான் புரிந்தது. திருத்தி எடுத்த முதற்படத்தில், வெறுங்கண்ணுக்கு மங்கலாகத் தெரிந்த வடக்கெல்லையை எழுத்துக் கூட்டி வாசிக்க முடிகிறது.

மானிப்பாய் வாசகர்:
மகிழ்ச்சி. படம் இருக்கிறதென்று மூலத்தை அலட்சியம் செய்துவிடாதீர்கள். காணி அலுவலென்று போனால் நொத்தாரிசு மூல உறுதியைத்தான் கேட்பார். வேலை முடிந்ததும் கமராவையும் அந்தப் பெட்டகத்துக்குள் வைக்கவேண்டாம். மாரியில் என் லென்ஸில் பூஞ்சணம் பிடித்தது அப்படித்தான்.