ஐபி போன் வருகிறது, 192.168.1 நிரம்பிவிட்டது: மாஸ்க்கை மாற்றினால் போதுமா?

நூல்பேட்டை:
வணக்கம். எங்கள் ஆபீஸ் நெட்வொர்க் 192.168.1.0, மாஸ்க் (நெட்வொர்க் எதுவரை என்று சொல்லும் எண்) 255.255.255.0. இருக்கிற 254 முகவரியில் 210க்கு மேல் போய்விட்டது. அடுத்த மாதம் பழைய இன்டர்காமைக் கழற்றிவிட்டு 60 ஐபி போன் வைக்கிறோம், எக்ஸ்சேஞ்ச் கிளவுடில். மாஸ்க்கை 255.255.254.0 ஆக்கிவிட்டு போன்களை 192.168.2 வரிசையில் வைக்கலாம் என்று திட்டம். ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் முடியுமா? மேசைக்கு ஒரு நெட்வொர்க் பாயின்ட்தான், கம்ப்யூட்டரை போன் வழியாகத்தான் கோக்க வேண்டும்.

ராத்திரிடூட்டி:
சார், கணக்கே இடிக்கிறது. அந்த மாஸ்க் இரண்டு வரிசையை ஒரே நெட்வொர்க்காகச் சேர்க்கும், ஆனால் ஜோடி இரட்டைப்படை எண்ணில்தான் தொடங்கும்: 0-1, 2-3. உங்கள் 1க்கு ஜோடி 0, 2 இல்லை. 192.168.2இல் வைத்த போனுக்கு உங்கள் கேட்வே (வெளியே போகும் வழியான ரூட்டர் முகவரி) வேறு நெட்வொர்க்காகத் தெரியும்.

0-1 என்று வைத்தாலும் நான் செய்யமாட்டேன். பிரிண்டர், கைரேகை மெஷின், கேமரா ரெக்கார்டர் என்று கையால் ஐபி போட்ட ஒவ்வொன்றிலும் மாஸ்க்கை மாற்ற வேண்டும். ஒன்றை விட்டாலும் சிலரோடு பேசும், சிலரோடு பேசாது. ஒரு கைரேகை மெஷினின் அட்மின் பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாமல் என் ஞாயிறு ஒன்று போனது.

1 அப்படியே இருக்கட்டும். போனுக்குத் தனி வீலேன் (அதே ஸ்விட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்), 192.168.20.0 மாதிரி. ரூட்டரில் அதற்கு ஒரு கேட்வே, தனி டிஎச்சிபி ஸ்கோப் (தானாகக் கொடுக்கும் ஐபி வரிசை). ஸ்விட்ச் போர்ட்டில் கம்ப்யூட்டருக்கு டேக் (எந்த வீலேன் என்று காட்டும் அடையாளம்) இல்லாமல், போனுக்கு டேக்கோடு. எல்எல்டிபி-மெட் (ஸ்விட்ச் போனுக்கு அமைப்பைச் சொல்லும் வசதி) இருந்தால் வீலேன் எண்ணை போனே எடுத்துக்கொள்ளும். நாளுக்குப் பத்து போனாக மாற்றலாம், ஞாயிறு தேவையே இல்லை.

நூல்பேட்டை:
நல்லவேளை கேட்டேன். ஆனால் ஸ்விட்சில் பாதி அன்மேனேஜ்டு, வீலேன் எதுவும் அமைக்க முடியாது.

கேபிள்காரன்:
அவற்றை மாற்றித்தான் ஆக வேண்டும். டேக்கை அது கடத்தினாலும் கடத்தும், ஆனால் வீலேனைப் பிரிக்காது. எப்படியும் போனுக்கு பிஓஇ (நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரம்) வேண்டுமே. 802.3ஏஎஃப் என்ற பிஓஇ தரத்தில் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் வரை. 24 போர்ட் ஸ்விட்ச் என்றால் எல்லாப் போர்ட்டுக்கும் சேர்த்து மொத்தம் எத்தனை வாட் தரும் என்று பார்த்து வாங்குங்கள், பலரும் கோட்டைவிடுவது அங்கேதான். இன்டர்நெட் வேகம் பெரிய கவலை இல்லை. ஜி.711 என்ற குரல் கோடெக்கில் ஒரு அழைப்புக்கு ஒரு திசையில் பாக்கெட் தலைப்பெல்லாம் சேர்த்து வினாடிக்கு சுமார் 87 கிலோபிட். ஒரே நேரத்தில் 20 பேர் பேசினாலும் 2 மெகாபிட்டைத் தாண்டாது. ஆனால் அப்லோடு நிரம்பினால் குரல் வெட்டும், அதனால் ரூட்டரில் டிஎஸ்சிபி 46க்கு (குரல் பாக்கெட்டில் இருக்கும் அடையாள எண்) முன்னுரிமை கொடுங்கள்.

நூல்பேட்டை:
மூன்று போனை மட்டும் புது வீலேனில் போட்டுப் பார்த்தேன். மணி அடிக்கிறது, நான் பேசுவது அவர்களுக்குக் கேட்கிறது, அவர்கள் குரல் எனக்கு வரவில்லை.

ராத்திரிடூட்டி:
ரூட்டரில் சிப் ஏஎல்ஜி என்று, போன் அழைப்பின் பாக்கெட்டில் முகவரியைத் திருத்தும் வசதி ஒன்று இருக்கும். முதலில் அதை அணைத்துப் பாருங்கள்.

நூல்பேட்டை:
அணைத்தேன், இரண்டு பக்கமும் கேட்கிறது! ஸ்விட்சுக்குக் கொட்டேஷன் கேட்டாயிற்று. எண்ணப் போன இடத்தில் சீலிங்குக்கு மேலே இன்னொரு 8 போர்ட் டப்பா கிடைத்தது. யார் வைத்தது என்று யாருக்கும் தெரியவில்லை.