அப்பாவோட மாத்திரைக்கு மாசம் 6,240 ரூபா, இன்சூரன்ஸ்ல ஒரு பைசா வராதாம். என்ன பண்றது?

காவிரிக்கரை:
அப்பாவுக்கு 67 வயசு, சுகர் பிபி ரெண்டும் இருக்கு. டிசம்பர் 20 தான் டிஸ்சார்ஜ் ஆனாரு, இதய ரத்தக்குழாய் அடைச்சுக்காம திறந்து வெக்கற சின்ன குழாய், ஸ்டென்ட்னு ஒண்ணு வெச்சிருக்காங்க. ஆஸ்பத்திரி பில்லுல கையுறை சிரிஞ்சு அது இதுன்னு 23,000 ரூபாய இன்சூரன்ஸ்காரங்க வெட்டிட்டாங்க, அது கூட போகட்டும்னு விட்டுட்டேன். இப்ப மாசாமாசம் மாத்திரை வாங்கறதுதான் முடியல. கஸ்டமர் கேர்ல கேட்டா அட்மிட் ஆனா தான் மேடம், வீட்ல சாப்பிடற மாத்திரைக்கெல்லாம் கிடையாதுங்கறாங்க. வருஷம் 41,000 பிரீமியம் கட்டறோம், தினமும் உயிரை பிடிச்சு வெச்சிருக்கறது அந்த மாத்திரை தான், அதுக்கு கிடையாதுன்னா என்னங்க நியாயம்?

நேத்து மெடிக்கல்ல பில்லை நான் வாங்கறதுக்குள்ள அப்பா வாங்கி நாலா மடிச்சு சட்டை பாக்கெட்ல வெச்சுக்கிட்டாரு. ராத்திரி டப்பாவை திறந்து பாத்தா ரத்தம் கட்டாம இருக்க போடற மாத்திரையை பாதி பாதியா உடைச்சு வெச்சிருக்காரு. கேட்டா, பாதி போட்டா போதும்மா, ஒண்ணும் ஆகாதுங்கறாரு. எனக்கு அப்படியே அழுகை வந்துடுச்சு.

மருந்துக்கடை அண்ணன்:
தங்கச்சி, மொதல்ல அந்த மாத்திரையை உடைக்கவே கூடாதுன்னு அப்பாகிட்ட சொல்லுங்க. ஸ்டென்ட் வெச்ச புதுசுல அதை குறைச்சா உள்ளேயே ரத்தம் கட்டி அடைச்சுக்கும், உயிருக்கே ஆபத்து. இன்னிக்கே டாக்டருக்கு போன் போட்டு பாதி போட்டதையும் சொல்லிடுங்க.

நான் 14 வருஷமா மெடிக்கல்ல தான் இருக்கேன். அட்டையில பெருசா பிராண்ட் பேர் இருக்கும், அதுக்கு பக்கத்துல சின்னதா மருந்தோட பேர் இருக்கும், அதை பாருங்க. சுகர் மாத்திரை எம்பாக்ளிஃப்ளோசினா இருந்தா கட்டாயம் டாக்டர்கிட்ட பேசுங்க, ஏன்னா 2025 மார்ச்ல அதோட காப்புரிமை முடிஞ்சிடுச்சு, மாத்திரை ஒண்ணு 60 ரூபா கிட்ட வித்தது இப்ப 10 ரூபாய சுத்தி நிறைய கம்பெனி தர்றாங்க. பழைய சீட்டையே நீட்டினா பழைய பிராண்ட் தான் வரும், டாக்டர் பிராண்ட் எழுதிட்டா அதுக்கு பதிலா வேற கொடுக்க எங்களுக்கு சட்டத்துல இடம் இல்ல. அதனால மருந்து பேரை எழுதி கொடுங்க சார்னு கேளுங்க, தப்பே இல்ல. அந்த சீட்டோட, குறைஞ்ச விலைக்கு மருந்து தர்ற முதல்வர் மருந்தகம் போங்க, 2025 பிப்ரவரில 1,000 கடை திறந்தாங்க, இல்லன்னா மக்கள் மருந்தகம். எல்லா மருந்தும் எல்லா நாளும் இருக்காது, ரெண்டு கடை ஏறி இறங்கணும்.

கரூர் பொண்ணு:
எங்கம்மாவுக்கு சுகர், பிபி மாத்திரை மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே வந்து தர்றாங்க, 2021ல ஆரம்பிச்சது. காசு கிடையாது. அக்கம்பக்கம் என்ன நினைக்கும்னு எங்கம்மாவும் மொதல்ல கூச்சப்பட்டாங்க, இப்ப அந்தக்கா வரலன்னா அவங்களே போன் பண்றாங்க. உங்க ஏரியா ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க அக்கா, சாதா சுகர் பிபி மாத்திரை அங்க வாங்கிட்டா ஸ்டென்டுக்கானது மட்டும் தான் வெளிய வாங்க வேண்டியிருக்கும்.

பாலிசி படிக்கறவன்:
கஸ்டமர் கேர்ல உங்ககிட்ட முழுசா சொல்லல, எனக்கு கோபமே அதுல தான். பெரும்பாலான பாலிசில டிஸ்சார்ஜுக்கு அப்புறம் 60 நாள் வரைக்கும் அதே நோய்க்கு வாங்கற மாத்திரை, டெஸ்ட், டாக்டர் ஃபீஸ் எல்லாம் கிளைம் பண்ணலாம், சிலதுல 90 நாள். உங்க பாலிசி புக்குல பாருங்க. 60னா பிப்ரவரி 18 வரைக்கும் உங்களுக்கு டைம் இருக்கு. ஒரிஜினல் பில், டாக்டர் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி மூணும் சேர்த்து அனுப்பணும். சுகர் மாத்திரைக்கு சண்டை போடுவாங்க, ஸ்டென்டுக்கானதை மறுக்க முடியாது. எழுத்துல புகார் கொடுத்து ஒரு மாசம் ஆகியும் சரியான பதில் வரலன்னா இன்சூரன்ஸ் கம்பெனி மேல வர்ற புகாரை விசாரிக்கற இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன்கிட்ட போங்க, ஃபீஸும் இல்ல வக்கீலும் வேண்டாம். வெட்டின 23,000க்கும் எந்த பொருளுக்கு எவ்வளவுன்னு லிஸ்ட் கேளுங்க, அதை ஏன் விடறீங்க?

இன்னொண்ணு, தனிநபர் பாலிசிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியை 2025 செப்டம்பர் 22ல இருந்து எடுத்துட்டாங்க. அதுக்கு அப்புறம் கட்டின ரசீதா இருந்தா அதுல வரி போட்டிருக்கான்னு பாருங்க.

காவிரிக்கரை:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. டாக்டர்கிட்ட பேசிட்டேன், முழு மாத்திரை தான் போடணும், திங்கக்கிழமை கூட்டிட்டு வாங்கன்னாரு, சீட்டையும் அன்னிக்கு மாத்தி எழுதறேன்னு சொல்லிட்டாரு. பாலிசில 60 நாள்னு தான் போட்டிருக்கு, 17ஆம் பக்கத்துல. துவைக்க போட்ட சட்டை பாக்கெட்ல பாத்தேன், நேத்து பில் மட்டும் இல்ல, டிஸ்சார்ஜ் அன்னிக்கு வாங்கின பில்லும் நாலா மடிச்சபடியே இருக்கு. ரெண்டையும் இஸ்திரி போட்டு எடுத்து வெச்சிருக்கேன்.