புதுப்பிப்பு: 1 டெராபைட் வன்தட்டு 931 ஜிகாபைட்டாகத் தெரிவது ஏன்?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்துப் பழைய படங்களைச் சேமிக்க 1 டெராபைட் வன்தட்டு வாங்கினோம். கணினி 931 ஜிகாபைட் என்றே காட்டுகிறது, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சிலர் கொதிக்கிறார்கள் என முன்பு எழுதியிருந்தேன். விடை கிடைத்துவிட்டது. கடைக்காரர்மீது எந்தத் தவறும் இல்லை.

பைட் எண்ணிக்கையைப் பாருங்கள் என்று ஓர் அண்ணன் இங்கே சொன்னார். பார்த்தேன், ஒரு டிரில்லியனுக்குச் சற்று மேலேயே இருக்கிறது. தயாரிப்பாளர்கள் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார்கள். விண்டோஸ் அந்த எண்ணிக்கையை 1,024 ஆல் மூன்று முறை வகுத்துவிட்டு, கிடைக்கும் 931க்கு அதே ஜிகாபைட் என்ற பெயரைப் போடுகிறது. கிலோபைட்டில் 2.4 விழுக்காடாக இருக்கும் வேறுபாடு, டெராபைட்டுக்கு வரும்போது ஏறத்தாழ 10 விழுக்காடாகிவிடுகிறது.

1,024 கணக்குக்கென்றே கிபி (kibi), மெபி (mebi) போன்ற தனி முன்னொட்டுகளை அனைத்துலக மின்தொழில்நுட்ப ஆணையம் 1998இலேயே வகுத்துவிட்டது. மேக் கணினிகள் 2009 முதல் ஆயிரக் கணக்கிலேயே காட்டுகின்றன. விண்டோஸ் மட்டும் மாறாமல் இருப்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. நேர்மையாக வியாபாரம் செய்பவர் அல்லவா பழி சுமக்கிறார்!

போலித் தட்டுகள் பைட் எண்ணிக்கையையே பொய்யாகக் காட்டும் என்று எச்சரித்த தங்கைக்கு நன்றி. தட்டு முழுவதையும் சோதனைக் கோப்புகளால் நிரப்பி, திரும்பப் படித்துச் சரிபார்த்துவிட்டேன். ஒன்றுகூடப் பழுதாகவில்லை.

ஸ்கேன் வேலை தொடங்கிவிட்டது. பால்மரக் காடு, லயத்துத் திருமணங்கள், கோயில் திருவிழா என எந்தப் படம் இருந்தாலும் கொண்டு வாருங்கள். இடம் தாராளமாக இருக்கிறது.